ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஒரு டேப்லெட்

இருபத்திரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் புத்தகங்களில் பிழை திருத்துகிறேன். வீடு தாம்பரத்தில். எனக்கு வேலை தரும் பதிப்பாளர்களில் பாதிப் பேர் ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கம். முன்பெல்லாம் மின்சார ரயிலேறிப் போய்த் தாளாக வாங்கிவந்து, சிவப்புப் பேனாவில் திருத்தி, மறுபடி ரயிலேறிக் கொடுத்துவிட்டு வருவேன். கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பப் பழகிவிட்டார்கள். எனக்கு அலைச்சல் மிச்சம், ஆனால் தாள் செலவு என் தலையில் வந்து விழுந்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய். 168 பக்கப் புத்தகத்துக்கு மூன்று சுற்று எடுத்தால் 756 ரூபாய். எனக்கு வரும் கூலியோ பக்கத்துக்கு 18 வீதம் 3,024 ரூபாய். சரியாகக் கால்வாசி ஜெராக்ஸ் கடைக்காரருக்கு. லேப்டாப்பில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு அண்ணாந்து திரையைப் பார்த்து ரெண்டு மாதத்தில் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம். அப்போதுதான் டேப்லெட் ஆசை வந்தது. புத்தகம் மாதிரி கையில் பிடித்துக்கொள்ளலாம், பேனாவாலேயே திருத்தலாம், படுத்துக்கொண்டும் பார்க்கலாம். யோசனையில் தப்பில்லை, வாங்கிய விதத்தில்தான் தப்பு. எனக்குத் தெரிந்த புரூஃப் ரீடர் யாரிடமும் டேப்லெட் இல்லாததால் கேட்கவும் ஆளில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் தள்ளுபடியில் 13,999 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். 10.1 அங்குலம், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு, ‘எச்.டி. டிஸ்ப்ளே’, நாலே கால் நட்சத்திரம். விமர்சனங்களைப் படிக்காமல் இல்லை, நாற்பது ஐம்பது படித்திருப்பேன். பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க அருமை, ஆன்லைன் வகுப்புக்குப் போதும், சத்தம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. என் வேலை கார்ட்டூன் பார்ப்பதில்லை என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை. பெட்டி வந்த அன்று வீட்டில் விருந்தாளிகள், அப்புறம் பண்டிகை, பிரித்தது ஒன்பதாம் நாள். ஏழு நாள் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. முடியாமல் இருந்திருந்தாலும் பெரிய பலன் இல்லை. ‘ஏழு நாளில் திருப்பித் தரலாம்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ‘ஏழு நாளில் மாற்றித் தரப்படும்’ என்பது. பழுதிருந்தால் அதே மாடலில் இன்னொன்று தருவார்கள், பணம் வராது. ‘எனக்குச் சரிப்படவில்லை’ என்பது பழுதுக் கணக்கில் வராது என்று வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் பொறுமையாகவே சொன்னார். ஆகவே வாங்கும் முன் அந்தச் சின்ன எழுத்தைத் தொட்டுத் திறந்து, பணம் திரும்புமா பொருள் மாறுமா என்று பாருங்கள். வந்த அன்றே பிரியுங்கள், பிரிப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உடைசலோ பழுதோ இருந்து விற்றவர் கைவிரித்தால், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. என் கதையில் அதற்கு வேலை இல்லை. ஏமாற்றியது வேறு யாருமில்லை, நானேதான்.

முதல் இடி பேனாவில் விழுந்தது. எந்த டேப்லெட்டிலும் எழுத ஒரு பேனா இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். 349 ரூபாய்க்கு ரப்பர் மூக்குப் பேனா ஒன்று வாங்கினேன். மூக்கு சுண்டைக்காய் பருமன். அதை வைத்து ஓர் எழுத்துக்கு மேல் புள்ளி வைக்கப் போனால் அந்தச் சொல்லே மறைந்துவிடும், எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. சரி, ஊசிமுனை இருக்கிற பேட்டரிப் பேனா வாங்குவோம் என்று இன்னொரு 1,899 ரூபாய். முனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கையைத் திரையில் ஊன்றியதும் பக்கம் நழுவும், அல்லது கைபட்ட இடத்தில் சிவப்புக் கோடு விழும். கைக்குட்டையை மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். மெல்லிய துணி, அதையும் தாண்டித் தொடுதல் பட்டது. கடைசியில் மணிக்கட்டை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை இற்றுப்போகும். விஷயம் என்னவென்று பிறகுதான் புரிந்தது. விலை மலிந்த டேப்லெட்டின் திரைக்கு விரல் மட்டும்தான் தெரியும். ரப்பர் பேனாவும் பேட்டரிப் பேனாவும் அதனிடம் ‘நானும் ஒரு விரல்’ என்று நடிக்கின்றன, அவ்வளவுதான். எது பேனா எது கை என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பேனாவுக்கென்றே தனி உணர்வு அடுக்கு உள்ள திரையாக இருந்தால்தான் கையை ஊன்றி எழுத முடியும். பேனாவைத் தனியாக வாங்கிச் சேர்த்து இந்தக் குறையைச் சரிசெய்ய வழியே இல்லை. எழுதத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் பேனாவைப் பாருங்கள், டேப்லெட்டை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. என் திரையில் மேல் கண்ணாடிக்கும் உள்ளே எழுத்து தெரியும் பரப்புக்கும் நடுவில் இடைவெளி. பேனா முனை ஓரிடம், கோடு விழுவது ஒரு மில்லிமீட்டர் தள்ளி. தாளில் ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. புரூஃபில் அது அடுத்த எழுத்து. நான் ‘க்’ போடச் சொன்ன இடத்துக்கு ஓரெழுத்து தள்ளி லேஅவுட் செய்கிற தம்பி ‘க்’ போட்டு வைத்திருந்தார். அவரைத் திட்டிவிட்டு, என் கோடே அங்கேதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டேன்.

முதலில் முடித்தது 96 பக்கக் கவிதைத் தொகுப்பு. நாலு நாள் எடுத்துக்கொண்டு, அந்தரத்தில் கையைத் தூக்கிப் பிடித்துத் திருத்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பதிப்பாளர் போன். “அக்கா, கவிஞர் ரொம்ப சந்தோஷப்படுவார்க்கா, ஒரு தப்புகூட இல்லையா?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூற்றுக்கும் மேல் குறித்திருந்தேனே! நான் பயன்படுத்திய ஆப், குறிகளைத் தன்னிடமே ஒரு தனிக் கணக்கில் வைத்துக்கொண்டு, கோப்பை மட்டும் வந்தது வந்தபடியே விட்டிருக்கிறது. ‘ஏற்றுமதி’ என்ற பொத்தானை அமுக்கினால்தான் குறிகளோடு புதுக் கோப்பு வரும். நான் அனுப்பியதோ பழைய கோப்பு. கவிஞர் ஒருநாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போனார். இப்போது புது ஆப் எதுவானாலும் ஒரு பக்கத்தில் நாலு கிறுக்கல் போட்டு என் போனுக்கே அனுப்பி, அங்கே தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடுகிறேன். அடோபி அக்ரோபேட் ரீடரில் குறிப்பவை கோப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கின்றன, எதிர்முனையில் கணினியிலும் தெரிகின்றன. எனக்கு அது போதும்.

இதெல்லாம் எரிச்சல் வகை. மானம் போனது அடுத்த புத்தகத்தில். ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவின் வரலாறு, 168 பக்கம். பொங்கலை ஒட்டி நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்று எல்லாரும் பறக்கிற காலம். தாளில் மூன்று நாளில் முடித்திருப்பேன், டேப்லெட்டில் ஆறு நாள் ஆனது. முழுப் பக்கமாக வைத்தால் எழுத்து பொடி. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே. வலப்பக்கம் தள்ளிப் படித்துவிட்டு இடப்பக்கம் வரும்போது எந்த வரி என்பது மறந்திருக்கும். பொறுமை போய் ஒரு கட்டத்தில் முழுப் பக்கமாகவே வைத்துப் பார்த்து முடித்தேன். அச்சாகிவிட்டது. 47ஆம் பக்கத்தில் உபயதாரர் படம். அதன் கீழே எட்டுப் பாயிண்ட் எழுத்தில் ‘முதல்நாள் கொடியேற்றும் உபயதாரர்’ என்று இருக்க வேண்டும். ‘கோடியேற்றும்’ என்று இருந்தது. ஒற்றைக் கொம்புக்குப் பதில் இரட்டைக் கொம்பு, ஒரு சுழி கூடுதல். புத்தகத்துக்குப் பணம் போட்டவரே அவர்தான். “என்னமோ நான் கோடி கோடியா ஏத்திக்கிட்டுப் போறவன் மாதிரி போட்டிருக்கீங்களே” என்று பதிப்பாளரிடம் கத்தியிருக்கிறார். அந்தப் பக்கம் இருக்கிற ஃபாரத்தை, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கத்தை மட்டும், மறுபடி அச்சடித்தார்கள். உட்கார்ந்து பார்த்ததில் அதே ஃபாரத்தில் இன்னும் பதினோரு பிழை: ஏழு இடத்தில் புள்ளி விழுந்துபோயிருந்தது, மூன்று கொம்பு, ஒரு ‘ண’கரம். மறு அச்சுச் செலவைப் பதிப்பாளர் கேட்கவில்லை. என் கூலி 3,024 ரூபாயை நான் வாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் வாங்காமல் விட்ட முதல் கூலி அது. அன்று ராத்திரி டேப்லெட்டைச் சார்ஜில்கூடப் போடவில்லை, அது கிடந்த திசையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கண் கெட்டுவிட்டதோ என்று பயந்து டாக்டரிடம் போனேன். பவர் மாறவில்லை என்றார். அப்புறம்தான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை வாங்கும் முன் போட்டிருக்க வேண்டும். என் டேப்லெட்டின் ‘எச்.டி.’ என்பது 1280க்கு 800 புள்ளிகள். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அங்குல அளவால் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று வரும். எனக்கு வந்தது 149. ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டர் அங்குலத்துக்கு 600 புள்ளி அடிக்கிறது. இந்தத் திரையில் எட்டுப் பாயிண்ட் எழுத்து பதினாறு பதினேழு புள்ளி உயரத்துக்குள் மொத்த உடம்பையும் அடக்கிக்கொள்ள வேண்டும். கொம்புக்கு ஒரு சுழியா ரெண்டு சுழியா என்று காட்ட அதில் இடம் ஏது? மெய்யெழுத்தின் புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘i’ தலையில் புள்ளி தெரியாவிட்டாலும் படித்துவிடலாம், தமிழில் புள்ளி போனால் சொல்லே வேறு. ஆங்கில விமர்சனத்தில் ‘எழுத்து தெளிவாகத் தெரிகிறது’ என்று படித்துவிட்டுத் தமிழ் வேலைக்கு வாங்காதீர்கள் என்பது அதனால்தான். என் அனுபவத்தில் 200க்குக் கீழே போனால் புரூஃப் வேலைக்கு உதவாது. கதை படிக்க, படம் பார்க்க 149 தாராளம்.

நடுவில் 1,650 ரூபாய்க்கு ஒரு புளூடூத் விசைப்பலகையும் வாங்கியிருந்தேன். லேப்டாப்பே வேண்டாம் என்று கனவு. எனக்கு தமிழ்99 என்ற விசை அமைப்புதான் பழக்கம். திரையில் தெரியும் விசைப்பலகையில் தமிழ்99 ஒழுங்காக வந்தது, வெளி விசைப்பலகையில் தட்டினால் ஆங்கிலம்தான் விழுந்தது. அதையாவது தாங்கலாம். பழைய ஃபான்ட்டுகள்தான் தாங்க முடியாத தொல்லை. யூனிகோடுக்கு முந்தைய வானவில், பாமினி மாதிரி ஃபான்ட்டுகளில் அடித்த வேர்ட் கோப்புகளைத் திறந்தால் ஏதோ ரோமன் எழுத்துக் கிறுக்கலாகத் தெரிந்தது. விண்டோஸில் ஃபான்ட்டைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது, என் டேப்லெட்டில் அதற்கு வழி கிடைக்கவில்லை. பி.டி.எஃப்.பில் ஃபான்ட் உள்ளேயே பொதிந்திருந்தால் அழகாகத் தெரியும். ஆனால் தேடிப் பாருங்கள், ஒரு சொல் அகப்படாது. ஒரு பெயர் புத்தகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில் முக்கால்வாசி. தேட முடியாவிட்டால் கண்ணால்தான் பொறுக்க வேண்டும். தட்டச்சு, கோப்பு மாற்றம், பழைய ஃபான்ட் இதெல்லாம் அன்றாடம் இருக்கிறவர்கள் லேப்டாப்பை விற்றுவிட்டு டேப்லெட் வாங்க நினைக்க வேண்டாம்.

மொத்தக் கணக்கு இது. டேப்லெட் 13,999, உறையும் கண்ணாடியும் 899, இரண்டு பேனா 2,248, விசைப்பலகை 1,650. ஆக 18,796. பக்கத்து வீட்டுப் பையனின் படிப்புக்கென்று உறையோடு 5,500க்குக் கொடுத்தேன். அவனுக்கு அது நன்றாகவே உழைக்கிறது, வகுப்பு வீடியோ பார்க்கிறான், நானும் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. விடுபட்ட கூலியையும் சேர்த்தால் என் நஷ்டம் 16,320 ரூபாய். ஜெராக்ஸ் கடையில் பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் எடுத்திருக்கலாம்.

இதோடு விட்டிருக்க வேண்டும் என்பார் என் வீட்டுக்காரர். விட மனசில்லை. ஏனென்றால் அந்த மட்டமான டேப்லெட்டிலேயே சில சுகங்களைக் கண்டுவிட்டேன். ரயிலில் தாம்பரத்திலிருந்து எழும்பூர் போவதற்குள் முப்பது பக்கம் மேலோட்டமாகப் படித்துவிட முடிந்தது. தாளை ரயில் காற்றில் பிரித்துப் பாருங்கள் தெரியும். திரையை இரண்டாகப் பிரித்து மேலே கைப்பிரதி, கீழே புரூஃப் என்று வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனாலும் கவலையில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, யூனிகோடில் வரும் புரூஃபை அதுவே வாய்விட்டுப் படிக்கிறது. குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், ‘ழ’வும் சுமார்தான். ஆனால் கண் தாவிப் போகிற பிழையைக் காது பிடித்துவிடுகிறது. ‘அவரகள்’ என்று இருந்தால் அது ‘அவரகள்’ என்றே படிக்கும், நம் மூளை மாதிரி தானாகத் திருத்திக்கொள்ளாது. முன்பு ஒருவர் படிக்க ஒருவர் பார்க்கிற வழக்கம் அச்சகங்களில் இருந்தது. படிக்க ஆளில்லாத காலத்தில் எனக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

அதனால் நாலு மாதம் கழித்து மறுபடி கிளம்பினேன், இந்த முறை நேரில், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு. போனில் அந்த 47ஆம் பக்கத்தின் பழைய பி.டி.எஃப்.பை எடுத்துக்கொண்டு போனேன். கடை கடையாக ஏறி, “தம்பி, இதை இதுல திறந்து காட்டு” என்று கேட்டேன். இரண்டு கடையில் எரிச்சல்பட்டார்கள். மூன்றாவது கடைப் பையன் பழைய சாம்சங் டேப் ஒன்றில் திறந்து, உபயதாரர் படத்துக்குக் கீழே பார்த்து, “ம்மா, இது கொடி தானே வரணும்? ரெண்டு சுழி போட்டிருக்கானுங்க” என்றான். அப்படியே வாங்கிக்கொண்டேன். எஸ்6 லைட் என்ற மாடல், 10.4 அங்குலம், 2000க்கு 1200. அங்குலத்துக்கு 224 புள்ளி. பேனா அதன் பெட்டியிலேயே வருவது. பேனாவுக்குள் பேட்டரி கிடையாது, திரைக்கு அடியில் இருக்கும் தகட்டின் காந்தப் புலத்தில் வேலை செய்கிறது. முனை நெருங்கியதும் டேப் கையைக் கண்டுகொள்வதில்லை. உள்ளங்கையை ஊன்றி ‘க்’ போட்டேன், போட்ட இடத்திலேயே விழுந்தது. கடையில் நின்றுகொண்டே நாலைந்து முறை ‘க்’ போட்டேன்.

பழையது வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். இந்த மாடல் 2020இல் வந்தது, 2022, 2024இலும் அதே பெயரில் உள்ளே சிப்பை மாற்றி விட்டார்கள். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் எந்த வருஷத்துச் சரக்கு என்று தெரியாது; அமைப்புகளில் மாடல் எண்ணைப் பார்த்து, இன்னும் எத்தனை காலத்துக்கு அப்டேட் வரும் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்தது 2022ஆம் வருஷத்தது, பேனாவோடு 14,500. சிம் போடுகிற வகையாக இருந்தால் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்த்து, போனிலிருந்து கே.ஒய்.எம். என ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் போட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் திருட்டுச் சரக்கா என்பதற்குத் துப்புக் கிடைக்கும். முன்பு வைத்திருந்தவரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். கடைக்காரர் கையாலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கணக்கைப் போட்டுத் திறந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போய் ரீசெட் செய்ததும் அது பழைய ஆளின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. அரைக் கிலோவுக்குக் கிட்ட எடை, படுத்துக்கொண்டு பிடித்தால் இருபது நிமிஷத்தில் கை கடுக்கிறது. வெயிலில் மொட்டைமாடியில் முகம்தான் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் யாராவது அழைத்தால் வேலை கலைகிறது, அதனால் அதில் வாட்ஸ்அப்பையே எடுத்துவிட்டேன். கோப்புகளை எனக்கு நானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறேன். பேனா முனை தேய்கிறது, மாற்று முனை வாங்க வேண்டும்.

இப்போது என் முறை இப்படி: முதல் சுற்று, இரண்டாம் சுற்று டேப்பில், நடுவில் ஒருமுறை காதால் கேட்பது, கடைசிச் சுற்று தாளில். 756 ரூபாய் 252 ஆகியிருக்கிறது. படக்குறிப்புகளை மட்டும் எந்தச் சுற்றானாலும் இருநூறு சதவீதம் பெரிதாக்கித்தான் பார்க்கிறேன். அந்தத் திருவிழாப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் 33இலிருந்து 48 வரை தாள் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், வேறு கட்டுத் தாள்.